சிறைப்பட்ட சிப்பாயைத் தேடுவது எப்படி: நண்பனுக்கு ஒரு கடிதம்

கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். மாங்காய் சீசன் ஆரம்பித்துவிட்டதால் மண்டிப் பக்கம் போகவே முடியவில்லை, அவ்வளவு லாரி. அரூர்ப் பக்கம் மழை உண்டா?

உன் மச்சானுடைய தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். பட்டாளத்துக்குப் போனார், சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டார், திரும்பவில்லை. வீட்டுக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறாய். தேடத் தொடங்க இது போதும். சிங்கப்பூர் சரணடைந்தது 1942 பிப்ரவரி 15. இரண்டு நாள் கழித்து ஃபாரர் பார்க் மைதானத்தில் ஏறக்குறைய 40,000 இந்தியச் சிப்பாய்களைக் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். தாத்தாவும் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் சிப்பாயா, மலேயா தோட்டத்துக்குப் போன கூலியா? ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் செத்த நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு ராணுவப் பதிவு கிடையாது, யாரும் பேர்பேராகக் கணக்கு வைக்கவும் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. சிப்பாய் என்றால் எங்கேயாவது ஒரு காகிதம் இருக்க வாய்ப்புண்டு.

பேரை வைத்துத் தேடாதே, பட்டாள எண்ணை வைத்துத் தேடு. முனுசாமி என்ற பேரை பட்டாள குமாஸ்தா ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருப்பான் என்று யோசித்துப் பார். அப்பா பேரின் முதலெழுத்தையும் விட்டுவிடுவார்கள். ஆக, ஒரே பட்டியலில் பத்து முனுசாமி நிற்பார்கள். ஒரு படைப்பிரிவில் ஒரு எண் ஒருத்தருக்குத்தான். பாட்டிக்குக் குடும்பப் பென்ஷன் வந்திருந்தால் அந்தப் புத்தகத்தில் எண் இருக்கும். பதக்கம் இருந்தால் இன்னும் நல்லது. இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் எண், பதவி, பேர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருப்பார்கள். வட்டப் பதக்கமானால் விளிம்பிலும், நட்சத்திர வடிவமானால் பின்பக்கத்திலும் பார்க்க வேண்டும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்க விடாதே, எழுத்து மழுங்கிப் போகும். இருட்டு அறையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பொறிப்பு நிழல் விழுந்து தெரியும். அதைப் படம் எடுத்துக்கொள்.

அடுத்தது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் (CWGC) வைத்திருக்கும், போரில் மாண்டவர்களின் இணையப் பட்டியல். தேட காசு இல்லை. இங்கேதான் நம்மவர்கள் தவறுகிறார்கள். தர்மபுரி மாவட்டம் என்று போட்டால் ஒன்றும் வராது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். அன்றைக்கு எல்லாமே சேலம் ஜில்லா. பேர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, கூடுதல் விவரக் கட்டத்தில் சேலம் என்றோ தாலுகா பேரையோ போட்டு, இந்திய ராணுவம் என்று வடிகட்டு. பல பதிவுகளில் அப்பா பேர், மனைவி பேர், ஊர்ப் பேர் வரை இருக்கும். பாட்டி பேரும் ஊரும் ஒத்துப்போனால் ஆள் அவர்தான். உடல் கிடைக்காதவர்களின் பேர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் இருக்கும், அங்கே மட்டும் 24,000-க்கு மேல். அதோடு நிற்காதே. ஜப்பானியர் கைதிகளில் பல ஆயிரம் பேரை நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்கு வேலைக்கு ஏற்றிப்போனார்கள், அங்கே பசியிலும் நோயிலும் நிறையப் பேர் மாண்டார்கள். அதனால் லே, ரபாவுல் கல்லறைகளையும் பார். காணாமல் போனவர்களுக்குப் போட்டிருக்கும் இறந்த தேதி கணிப்பாகவும் இருக்கலாம், அதை வைத்துத் திதி குறிக்க வேண்டாம்.

அந்தப் பட்டியலில் இல்லையென்றால் ஐ.என்.ஏ.வில், அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், சேர்ந்தாரா என்று கேட்க வேண்டும். சேர்ந்தவர்களை ஜப்பான் கைதியாகக் கணக்கில் வைக்கவில்லை. போருக்குப் பிறகு பிரிட்டிஷார் அவர்களை விசாரித்து, விசுவாசத்தைப் பார்த்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள், கறுப்பில் விழுந்தவர்களுக்கு வேலையும் போயிற்று, சம்பளமும் போயிற்று. இதை வீட்டில் அவமானமாக மறைத்திருக்கலாம், பெரியவர்களிடம் பக்குவமாகக் கேள். பின்னாளில் யாராவது தியாகி பென்ஷனுக்கு மனுப் போட்டிருந்தால் கலெக்டர் ஆபீஸில் கோப்பு இருக்கும். ஐ.என்.ஏ. ஆவணங்கள் டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

எண் கையில் கிடைத்ததும் ராணுவ ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். பென்ஷன் வாங்காதவர்களின் சர்வீஸ் காகிதங்களை 25 வருஷத்தில் அழித்துவிடுவது வழக்கம். அதனால் சர்வீஸ் புக் கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'லாங் ரோல்' (பட்டாளத்தில் சேர்ந்தவர்களின் பேரேடு) பதிவின் நகல் என்று குறிப்பிட்டுக் கேள், அதை அழிப்பதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, வாரிசுச் சான்று நகலும் சேர்த்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் போதும்.

ஜெனீவா செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் எழுதலாம். முதல் உலகப்போர்க் கைதிகளின் அட்டைகளை இணையத்திலேயே போட்டிருக்கிறார்கள். இரண்டாம் போருக்கு விண்ணப்பப் படிவம் உண்டு, ஆனால் வருஷத்தில் சில சமயம்தான் திறப்பார்கள், அளவு நிறைந்ததும் மூடிவிடுவார்கள். அப்பா பேர், பிறந்த வருஷம், எண், படைப்பிரிவு, பிடிபட்ட இடம் எல்லாவற்றையும் தயாராக எழுதி வைத்துக்கொள். ஜப்பான் இந்தியக் கைதிகளின் பட்டியலை ஒழுங்காக அனுப்பவில்லை என்பதால் அங்கே பேர் இல்லாவிட்டால் மச்சான் சோர்ந்துபோக வேண்டாம், அதனால் அவர் கைதியாக இல்லை என்று ஆகிவிடாது.

நம் பக்கம் மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கே நடுகல் நட்டார்கள். இந்தப் பெரியவர் எங்கே செத்தார் என்றாவது அவர் வீட்டுக்குத் தெரிய வேண்டும். பென்ஷன் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் பதக்கத்தின் படத்தையும் அனுப்பு. ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கான மனுவை ஆங்கிலத்தில் நானே எழுதித் தருகிறேன். கையெழுத்து மட்டும் ரத்த வாரிசு யாராவது போட வேண்டும், உன் மாமனார் போட்டால் நல்லது.

அன்புடன்,
உன் நண்பன்