ட்ரையலில் பிரேக்கையும் பாருங்கள்

மோட்டார் சைக்கிள் செய்முறைத் தேர்வை நடத்தும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் பைக் திருத்துகிற கராஜ் வைத்திருக்கிறேன். ட்ரையல் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எட்டுப் போட வேண்டும், கால் ஊன்றக் கூடாது, சிக்னல் போட வேண்டும், கொஞ்சத் தூரம் ஓடிக் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்துத் திடலில் நான் பார்த்த வரைக்கும் ஓடுகிறவர்கள் சைக்கிள் வேகத்தைத் தாண்டுவதே அபூர்வம். வேகமாக வருகிற பைக்கைத் திடீரென்று நிறுத்திக் காட்டு என்று ஒருவரிடமும் கேட்டதை நான் பார்க்கவில்லை. அதைக் கேளுங்கள் என்று வேண்டத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் என் கராஜுக்கு ஒரு ஸ்கூட்டர் வந்தது. சின்ன லொறியில் படுக்க வைத்துக் கொண்டு வந்தார்கள். ஓட்டியவர் பட்டிருப்புப் பாலத்துக்கு அங்கால், படுவான்கரையில் படிப்பிக்கிற ஓர் இளம் ஆசிரியை. நியமனம் கிடைத்த பிறகு பழகியதுதான் ஸ்கூட்டர். பஸ்ஸை நம்பினால் முதல் பாடம் முடிந்துதான் போய்ச் சேரலாம் என்பது அந்தப் பக்கம் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். லேர்னர்ஸில், அதாவது வாகனம் ஓட்டப் பழக்குகிற இடத்தில், காசு கட்டிப் பழகி, எழுத்துப் பரீட்சை எழுதி, முதல் ட்ரையலிலேயே பாஸ். எட்டை ஒரு கோட்டையும் தொடாமல் போட்டாவாம். தகப்பன் இப்போதும் அதைத்தான் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுகிறார்.

காலையில் வயல் ரோட்டில் போகும்போது ஒரு டிராக்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து மாட்டுக் கன்று ஒன்று குறுக்கே பாய்ந்திருக்கிறது. பிள்ளை இடது கைப் பிரேக்கை மட்டும் முழுப் பலத்தோடு பிடித்திருக்கிறா. அந்தப் பழைய ஸ்கூட்டரில் அது பின் சில்லுக்கு மட்டுமே உள்ள பிரேக். பின் சில்லு இறுகி, வண்டி பக்கவாட்டில் இழுபட்டு, காலின் மேலேயே விழுந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து நான் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். தாரில் கறுப்புக் கோடு ஒன்று நீளமாகக் கிடந்தது. நேராகத் தொடங்கி, கடைசியில் வளைந்து, ரோட்டு ஓரத்து மணலில் முடிந்திருந்தது.

கராஜில் இரண்டு சில்லையும் கழற்றினேன். பின் டயரில் ஓரிடம் மட்டும் உரசி வழவழத்துப் போயிருந்தது. பின் பிரேக் சூ இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. முன் டிரம்மைத் திறந்தால் சூ இரண்டும் புதுசு போல இருந்தன. அந்தப் பிரேக் வேலை செய்யாமல் இருக்கவில்லை. கேபிள் நல்லது, சூ நல்லது, பிடித்திருந்தால் பிடித்திருக்கும். அதைத் தொட வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்ததெல்லாம் "முன் பிரேக்க மட்டும் தொட்டுடாத, குப்புற விழுவாய்" என்பதுதானாம்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். லீவு முடிந்தால் சம்பளம் என்னாகும் என்ற கவலை ஒரு பக்கம். ஸ்கூட்டருக்கு எடுத்த லோன் மாதாமாதம் கழிகிறது. கிளினிக் நாளில் ஆட்டோ பிடித்துத்தான் போய்வர வேண்டும். ஆட்டோவில் காலை நீட்டி வைக்க இடமில்லாமல் தாயின் மடியில் குறுக்காகப் போட்டுக்கொண்டு போவதை என் கராஜ் வாசலிலிருந்து பார்க்கிறேன். வேகமாக ஓடிய பிள்ளையல்ல, ஹெல்மெட் போட்டிருந்தா, லைசென்ஸ் வைத்திருந்தா. நீங்கள் கேட்ட எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிள்ளை. ஐயா, நீங்கள் கேட்காத ஒன்றில்தான் அடிபட்டுக் கிடக்கிறா.

இது ஒரு ஸ்கூட்டரின் கதை மட்டுமென்றால் எழுதியிருக்க மாட்டேன். என்னிடம் சர்வீஸுக்கு வரும் பைக்குகளில் பெரும்பாலானவற்றின் நிலைமை இதுதான். பின் சூ மாற்றி மாற்றி அலுத்துப் போகிறது, முன் பேட் அப்படியே இருக்கிறது. அதைவிடப் பயமாக இருப்பது, பிள்ளைக்குப் புதிதாக ஸ்கூட்டர் வாங்கிய தாய் தகப்பன்மார் வந்து கேட்பது: "தம்பி, முன் பிரேக்கக் கொஞ்சம் லூசாக்கி விடுங்க. பிள்ள தெரியாம அமத்திப் போட்டா தலகுப்புற விழுந்திடும்." நான் மாட்டேன் என்றால் வேறு இடத்தில் செய்விக்கிறார்கள். பெற்ற பிள்ளையின் உயிரைக் காக்கிற பிரேக்கைப் பெற்றவர்களே காசு கொடுத்துக் கெடுக்கிறார்கள். அவர்களில் பிழை இல்லை, அவர்களும் அப்படித்தான் பழகினவர்கள்.

பிரேக் பிடித்ததும் பைக்கின் பாரத்தில் பெரும்பகுதி முன்னுக்குச் சாய்கிறது. முன் சில்லு ரோட்டை அழுத்திப் பிடிக்கிறது, பின் சில்லு லேசாகிறது. லேசான சில்லில் எவ்வளவு அமத்தினாலும் அது இறுகி வழுக்குமே தவிர வண்டியைச் சீக்கிரம் நிறுத்தாது. காய்ந்த தார் ரோட்டில் நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறவர் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால், பிடிக்கத் தொடங்கிய இடத்திலிருந்து சுமார் 14 மீற்றரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வேண்டும். முதல் ஆள் நின்றுவிட்ட அதே இடத்தில் இரண்டாவது ஆள் இன்னும் 35 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். அந்த 35 கிலோமீற்றர் வேகத்தோடுதான் எங்கள் பிள்ளைகள் மாட்டிலும் மதிலிலும் மோதுகிறார்கள்.

குப்புற விழுவாய் என்ற பயத்திலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. முன் பிரேக்கை வெடுக்கென்று இழுத்தால் விழத்தான் செய்வோம். கிறவல் ரோட்டிலும், கடல் மணல் படிந்த வளைவிலும், பைக் சரிந்திருக்கும்போதும் பிடித்தால் முன் சில்லு வழுக்கும். ஆகவே பழக வேண்டும். பைக்கை நிமிர்த்தி, ஹேண்டிலை நேராக்கி, பார்வையைத் தூரத்தில் வைத்து, முன் பிரேக்கை முதலில் மென்மையாகப் பிடித்து, பாரம் முன்னுக்கு இறங்கியதும் இறுக்க வேண்டும். பின் பிரேக் கூடவே, அளவாக. முன் சில்லு இறுகினால் அந்த நொடியே விரலைத் தளர்த்தி மறுபடி பிடிக்க வேண்டும். மாரி மழையில் இன்னும் மெதுவாக. சொல்ல ஒரு நிமிடம் போதும். கைக்கு வர வேண்டுமென்றால் 20 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கி, 30, 40 என்று ஏற்றி, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ட்ரையலில் கேட்காத ஒன்றை எந்த லேர்னர்ஸும் மினக்கெட்டுப் பழக்காது. நீங்கள் கேட்டால் அடுத்த நாளே பழக்குவார்கள்.

வெளிநாடுகளில் இது புதிதல்ல. பிரித்தானியாவில் 2009 முதல் மோட்டார் சைக்கிள் தேர்வின் ஒரு பகுதியைத் தனித் திடலில் வைக்கிறார்கள். எட்டு அங்கேயும் உண்டு. ஆனால் அதே திடலில் மணிக்கு சுமார் 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, பரிசோதகர் கை காட்டியதும் நிறுத்தவும் வேண்டும். சிங்கப்பூர்த் தேர்விலும் அவசர பிரேக் ஓர் அங்கம். புது வண்டிகளில் சில்லு இறுகாமல் தானே பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் இருக்கிறது, இல்லையென்றால் இடது கைப் பிரேக்கிலேயே இரண்டு சில்லும் பிடிக்கிறது என்று சொல்வீர்கள். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு இந்த இரண்டில் ஒன்று கட்டாயம், உண்மைதான். ஆனால் இங்கே 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திறந்தது. எங்கள் சனம் ஓடுவது பெரும்பாலும் அதற்கு முந்திய வண்டிகள். அவற்றில் மனிதனின் விரல்தான் ஏபிஎஸ்.

அப்புறம் ரோட்டையும் பாருங்கள். இரவானால் கட்டாக்காலி மாடுகள் சூடு தேடித் தாரில் வந்து படுக்கின்றன. சபையைக் கேட்டால் மாட்டுச் சொந்தக்காரரைக் காட்டுகிறார்கள், சொந்தக்காரர் யாரென்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காய்கிறது. பின் லைட் இல்லாத டிராக்டர் பெட்டிகள் இருட்டில் வருகின்றன. அம்பாறைப் பக்கம் போனால் யானையும் சேரும். தெருவிளக்கு எரியாத இடத்தைப் பற்றி எத்தனை பேர் எத்தனை கடிதம் கொடுத்தார்கள்! ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்துக்குக் கை காட்டுகிறது. சனம் செத்த பிறகு சந்தியில் பனர் கட்டத்தான் எல்லாரும் வருகிறார்கள்.

மன்னிக்க வேண்டும். மாடும் விளக்கும் உங்கள் பொறுப்பல்ல என்று தெரியும். பிரேக் உங்கள் பொறுப்பு. இந்த ரோட்டில் திடீரென்று நிறுத்த வேண்டி வரும் என்பது நிச்சயம், அப்படியிருக்க நிறுத்தத் தெரியுமா என்று பார்க்காமல் லைசென்ஸ் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

நான் கேட்பது பெரிய செலவில்லை. திடலில் நேரான ஒரு துண்டு, ஓடி வந்து நிற்க அறுபது எழுபது மீற்றர். ஒரு கோடு, அதைத் தாண்டி ஒரு பெட்டி. 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, கோட்டில் பிடித்து, பெட்டிக்குள் விழாமல் நிற்க வேண்டும். இரண்டு பிரேக்கிலும் கை போகிறதா என்று பரிசோதகர் பார்க்க வேண்டும். தவறினால் இன்னொரு தடவை விடுங்கள். அதிலும் தவறினால் பழகி வரச் சொல்லுங்கள், அழுதாலும் பரவாயில்லை.

இந்தத் தேர்வுச் சட்டங்கள் கொழும்பில் மாற வேண்டியவை என்றால், எங்கள் மாவட்டத்திலிருந்து ஒரு பரிந்துரையாவது தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். அது வரும் வரைக்கும், பதிவு பெற்ற லேர்னர்ஸ்காரர்களைக் கூப்பிட்டு, முன் பிரேக்கைத் தொடாதே என்று சொல்லிக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குச் சட்டம் ஒன்றும் மாறத் தேவையில்லை, ஒரு கூட்டம் போதும். அந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டால், தேய்ந்த பின் சூவையும் தேயாத முன் சூவையும் கொண்டு வந்து மேசையில் வைக்கிறேன். கோடு போடச் சுண்ணாம்பும் கூம்பும் எங்கள் கராஜ்காரர்கள் சேர்ந்து தருவோம். ட்ரையலுக்கு வரும் வண்டிகளின் பிரேக்கை முதல் நாளே இலவசமாகப் பார்த்தும் தருகிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் சைக்கிள் திருத்துநர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.