என் தம்பிக்காக நின்றவர்களுக்கு நன்றி

தம்பி விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த மாதங்களில் எங்களுக்குத் துணை நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

அவனுக்கு மனச்சிதைவு நோய். உள்ளே போனதும் மாத்திரை நின்றுபோனது. ராத்திரியெல்லாம் கத்துகிறான் என்று தனியறையில் அடைத்துவிட்டார்கள். மனு போட்டு அவனைப் பார்க்கப் போன அம்மாவை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வந்த வக்கீல் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரவேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதே நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நாங்கள் ஜாமீன் ஜாமீன் என்று அலைந்தபோது, முதலில் வைத்தியம் என்று உறுதியாக நின்றீர்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவைக் காட்டி மனநல மருத்துவமனைக்கு மாற்றக் கேட்டீர்கள். சிறையில் மனநோயாளிகள் யாரும் இல்லை என்று மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று தரவேண்டும் என்பதும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறதாம். எத்தனை இடத்தில் அது ஒழுங்காக நடக்கிறதோ!

மருத்துவமனையில் கைதி வார்டின் செவிலியர் அம்மாக்களே, அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட வைத்து, பிறகு மாத்திரை கொடுத்தீர்கள். அந்த அன்புக்கு என்ன கைம்மாறு செய்வோம்? வழிக்காவலுக்கு வந்த காவலர்களுக்கும் நன்றி.

நாங்கள் முகம் பார்க்காதவர்களும் உண்டு. 1982இல், அன்றைய பீகாரின் ஹசாரிபாக் சிறையில், மனநோய் குணமான பிறகும் பல்லாண்டுகளாக அடைபட்டுக் கிடந்தவர்களுக்காக அங்கிருந்த இலவச சட்ட உதவிக் குழு எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. குற்றமே செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 1993இல் தீர்ப்பு வந்தது, பத்திரிகையாளர் ஷீலா பர்சே தொடுத்த வழக்கில். நாங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை எங்கள் ஊர் மறக்கவில்லை. அதையும் உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. இன்று சங்கிலியில் கட்டுவதைச் சட்டம் தடை செய்கிறது. இவர்கள் எல்லோரும் போராடி வாங்கியதைத்தான் என் தம்பி அனுபவிக்கிறான்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் இப்போது வாய்தா தேதியை அவனே கேட்டுத் தெரிந்துகொள்கிறான். உங்கள் வீட்டார் யாராவது இப்படி உள்ளே தவித்தால், பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு 15100க்கு போன் போடுங்கள். இலவச சட்ட உதவி எண் அது.