பதினாறாவது காதையை மட்டும் மறுபடி படி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. சிலப்பதிகாரம் படித்துவிட்டுக் கண்ணகி மேல் இவ்வளவு கோபமா! அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "உன் பெண்தானே, வேறு எப்படி எழுதுவாள்" என்றார்.

நீ கேட்பது நியாயம்தான். சொத்தையெல்லாம் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறான் கோவலன். இவளோ சிரித்த முகத்தோடு 'சிலம்பு உள கொண்ம்', அதாவது சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள், என்கிறாள். மதுரைக்குப் போகலாம் என்றதும் கிளம்பிவிடுகிறாள். ஒரு வார்த்தை கேட்க மாட்டாளா? 1991-ல் கல்லூரித் தேர்வில் நானும் இதையேதான் எழுதினேன். 'கண்ணகியின் கற்புத் திறம்' பற்றிக் கேட்டிருந்தார்கள், கடைசிப் பத்தியில் "அவள் ஏன் சண்டை போடவில்லை?" என்று முடித்தேன். சிவப்பு மையில் 'வினாவுக்கு மட்டும் விடை எழுதுக' என்று போட்டு மார்க்கைக் குறைத்துவிட்டார்கள்.

ஆனால் நீயும் நானும் பதினாறாவதான கொலைக்களக் காதையை வேகமாகத் தாண்டிவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது. தலைப்பே பயமுறுத்துகிறதே, அடுத்து என்ன நடக்கும் என்று ஓடிவிடுகிறோம். போன மாதம் பரணில் ஏதோ தேடும்போது என் பழைய புத்தகம் கிடைத்தது. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு அந்தப் பகுதியை நின்றபடியே படித்தேன்.

மதுரையில் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த இடைக்குலப் பெண் மாதரி. அவள் வீட்டில் கண்ணகி சமைக்கிறாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய் எல்லாம் வந்திருக்கின்றன. வளைந்த அரிவாளில் நறுக்கி நறுக்கி விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. பெரிய வணிகன் வீட்டுப் பெண்ணுக்குப் பழக்கமில்லாத வேலை. அப்புறம் வாழைக்குருத்தை விரித்து 'அமுதம் உண்க அடிகள்' என்று பரிமாறுகிறாள். சாப்பிட்டு வெற்றிலையும் போட்ட பிறகுதான் கோவலனுக்கு உறைக்கிறது. 'எழுக என எழுந்தாய், என் செய்தனை' என்று உருகுகிறான்.

அவள் அப்போது சொல்லும் பதிலைப் பார். நீங்கள் இல்லாத வீட்டில் விருந்தினரை எதிர்கொள்ளும் உரிமைகூட எனக்கு இல்லாமல் போயிற்று. உங்கள் அப்பா அம்மா வந்தபோது வலியை மறைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பொய் என்று தெரிந்து அவர்கள் மனம் வருந்தினார்கள். பிறகுதான் அந்த வரி: 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்.' நல்லவர்கள் ஏற்காத காரியத்தைச் செய்தீர்கள். 'புரிந்தீர்' என்று மரியாதை குறையாமல்தான் சொல்கிறாள். அதனாலேயே எனக்கு அது இன்னும் சுருக்கென்று பட்டது. இதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் ஒற்றைச் சிலம்போடு கடைவீதிக்குப் போகிறான். அவன் உயிரோடு இருக்கையில் அவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு இது.

இவளையா ஊமை என்று எழுதியிருக்கிறாய்? 'தேரா மன்னா' என்று அரசனிடம் போட்ட சத்தம்தான் நமக்கெல்லாம் காதில் நிற்கிறது.

அந்தப் பொய்ச் சிரிப்பைப் படித்தபோது உன் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. தாத்தா ஆறு மாதம் ஊரில் இல்லாத காலத்தில், யார் வந்து கேட்டாலும் "வந்துடுவார், காபி சாப்பிடுங்க" என்பாள். டம்ளரை ஆற்றிக்கொண்டே இருப்பாள், நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அதற்கு மேல் இதில் எழுத வேண்டாம். நேரில் சொல்கிறேன்.

கண்ணகியை விடு, எனக்கு மாதரியை நினைத்தால்தான் ஆறவில்லை. 'அடைக்கலம் இழந்தேன்' என்று நடு இரவில் தீயில் விழுந்துவிடுகிறாள். வஞ்சிக் காண்டத்தில், நீர்ப்படைக் காதையில், மாடலன் என்ற அந்தணன் சொல்லும் நாலு வரியோடு அவள் கதை முடிந்துபோகிறது. அவள் என்ன பாவம் செய்தாள்? உன் கடிதத்திலும் அவள் பெயரே இல்லை.

பொங்கலுக்கு வரும்போது உன் புத்தகத்தையும் எடுத்துவா. என்னுடையதில் அந்தப் பக்கத்தில் 1991-ல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். எதற்குப் போட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நீ பார்த்துச் சொல்.

அம்மா