தம் கட்டும் இடம்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. வீட்டுச் சேதியை நாலு வரியில் முடித்துவிட்டு தோளில் எடைக் கம்பியோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், நீ மாறவேயில்லை. மூன்றாவது செட்டில் எழும்போது முதுகில் மூச்சுப் பிடித்துக்கொண்டது, பத்து நாளாய்க் குனிய முடியவில்லை என்று படித்ததும் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. போன வருடம் தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்டில் எனக்கும் இதே கதை.

அன்று நான் செய்தது இதுதான். நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை மேல்நெஞ்சுக்கு இழுத்து, வயிற்றை எக்கி, தம் கட்டினேன். ஒரே மூச்சில் இரண்டு ரெப், அதாவது இரண்டு தடவை தூக்கினேன். மூன்றாவதில் கண்ணில் பூச்சி பறந்தது. எடைக் கம்பியான பாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கவாட்டில் எடுத்த வீடியோவை அப்புறம் பார்த்தால், கீழ்விலா முன்னால் துருத்துகிறது, பிட்டம் பின்னால் தூக்கி நிற்கிறது. மூடி ஒரு பக்கம், பானை ஒரு பக்கம்.

மூடி என்பது உதரவிதானம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசை. கீழ்விலாக்களின் உள்பக்கத்தில் சுற்றிலும் ஒட்டியிருக்கும். அதன் கால்கள் இடுப்பு முள்ளெலும்புகள் வரை இறங்கிப் பிடித்திருக்கும். மூச்சை இழுத்தால் அது இறங்கும். பானை என்பது இடுப்பெலும்பு. அதன் அடியில் தரைபோல் விரிந்த தசைகளும் கூடவே சற்று இறங்கிக் கொடுக்கும். விட்டால் இரண்டும் ஏறும். நடுவில் வயிறு தண்ணீர்ப் பை மாதிரி. அமுக்கினால் சுருங்காது, அழுத்தம்தான் ஏறும். மூடியும் பானையும் நேருக்கு நேர் இருந்தால் அந்த அழுத்தம் சுற்றிலும் நின்று முதுகெலும்புக்கு முட்டுக் கொடுக்கும். மூடி சாய்ந்தால் தள்ளல் முன்பக்கம் போய்விடும், சுமை கீழ்முதுகுத் தசையில் ஏறும்.

இதில் நம் மொழியும் கொஞ்சம் சதி செய்கிறது. பெல்ட் கட்டும் இடமும் இடுப்பு, தொடையெலும்பு பொருந்தும் குழியும் இடுப்பு. 'இடுப்பை மடக்கு' என்று கோச் கத்தியபோதெல்லாம் நான் விசுவாசமாக முதுகைத்தான் மடக்கியிருக்கிறேன்!

உன் ஸ்குவாட்டுக்கு வருகிறேன். முழுசாய் இறங்கினால் தொடை மடியில் கிள்ளுகிறது, பிட்டம் உள்ளே சுருண்டுவிடுகிறது என்கிறாய். இடுப்பெலும்பு முன்னால் கவிழ்ந்தபடியே இறங்கினால் குழியின் முன்விளிம்பு தொடையெலும்பில் சீக்கிரமே இடிக்கும். அதற்கு மேல் இறங்க வேண்டுமானால் முதுகு வளைந்தாக வேண்டும். நீயோ தொடைத் தசை இறுக்கம் என்று ஆறு மாதமாய் இழுத்துக்கொண்டிருக்கிறாய்.

எடை தூக்குமுன் இதைச் செய்து பார். மல்லாந்து படு, முழங்கால் மடங்கியபடி கெண்டைக்காலை நாற்காலிமேல் வை. கையைக் கீழ்விலாமேல் வைத்துக்கொள். கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாயால் மெதுவாக விடு. தீர்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் விடு. விலா உள்ளே இறங்குவது கைக்குத் தெரியும், கீழ்முதுகு தரையைத் தொடும். இரண்டு நொடி சும்மா இரு. பிறகு மூக்கால் இழு, விலாவை மறுபடி துருத்த விடாதே. காற்று பக்கவாட்டிலும் முதுகுப் பக்கமும் போவது முதல் நாளே தெரிந்துவிடாது. எனக்கு ஒரு வாரம் ஆனது. பாருக்கு அடியில் நிற்கும்போதும் அப்படித்தான்: பாதி மூச்சை விட்டு விலாவை இறக்கு, பிறகு இடுப்பைச் சுற்றிலும் நிரப்பித் தம் கட்டு. பெல்ட் போட்டால் பின்பக்கமும் அதை அழுத்த வேண்டும்.

தம் கட்டுவதே தப்பு என்று சொல்வோரை நான் நம்புவதில்லை. கனமான எடைக்கு அது வேண்டும். இத்தாலிய உடற்கூறு அறிஞர் வல்சால்வா 1704-இல் காதைப் பற்றி எழுதியபோது விவரித்த உத்திதான், இன்றும் அவர் பெயரில் ஓடுகிறது. ஆனால் விலை உண்டு: 1985-இல் காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் செய்த உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள்ளேயே அளந்தபோது ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை போயிருந்தது. அதனால் ஒரு ரெப்புக்கு ஒரு மூச்சு. உனக்கு பிரஷர் மாத்திரை உண்டே, டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்காதே.

இடுப்பு முன்சரிவு, அதாவது இடுப்பெலும்பு முன்னால் கவிழ்ந்திருப்பது, ஒரு நோய் என்று பயமுறுத்தும் வீடியோக்களை விட்டுவிடு. வலியே இல்லாத பலருக்கும் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. கனத்தோடு நிற்கும்போது அங்கேயே மாட்டிக்கொள்கிறாயா என்பதுதான் கேள்வி.

தங்கையைக் கேட்டிருந்தாய். பிரசவத்துக்குப் பிறகு ஸ்கிப்பிங்கில் சிறுநீர் கசிவதை ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. கெகல் பயிற்சி என்று அந்த இடுப்புத் தரைத் தசைகளை நாள் முழுக்க இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு, தசை இறுகித்தான் கிடக்கிறது, முதலில் தளர விடப் பழகு என்றாராம். இப்போது தூக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டே எழுகிறாள். நன்றாக இருக்கிறாள்.

முதுகு சரியானதும் வெறும் பாரோடு ஐந்து ரெப் எடுத்து, பக்கவாட்டில் வீடியோ அனுப்பு. சட்டையைக் கழற்றிவிடு, தொப்பை தெரிந்தால் தெரியட்டும், எனக்கு விலா தெரிய வேண்டும்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்