எப்போது பார்த்த விலை என்று சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கேட்டாலே விமான டிக்கெட் கிடைத்துவிடும் என்று அடிக்கடி செய்தி வருகிறது. திருச்சியில் 22 வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவன் நான். இதைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், துவரங்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் அவருடைய தம்பியும் கடைக்கு வந்தார்கள். தம்பிக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. திங்கள் காலை அங்கே இருந்தாக வேண்டும். காலேஜ் படிக்கும் அக்கா மகன் போனில் உதவியாளரிடம் கேட்டு, நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தான்: ஞாயிறு இரவு 11.20, நேரடி விமானம், 9,400 ரூபாய், 30 கிலோ. கீழே விமான எண் வேறு. காலை ஆறரைக்குள் இறங்கி நேராக வேலைக்குப் போய்விடலாம் என்பது அவர்கள் கணக்கு.

அந்த நேரத்தில் அப்படி ஒரு விமானமே கிடையாது. மற்ற நேரடி விமானங்களில் ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் தீர்ந்திருந்தது. சென்னையிலிருந்து ஒரு சீட் 23,800 ரூபாய்க்கு இருந்தது. அவர்கள் கொண்டு வந்தது பத்தாயிரம். மீதிக்கு ஊருக்குப் போன் போட்டு, மூன்று பேரிடமிருந்து ஜி-பேயில் பணம் வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் விலை இன்னும் 1,100 ஏறிவிட்டது. அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் ஏற்றிவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

பையன் மேல் குற்றமில்லை. அவன் கேட்ட உதவியாளர் எங்கேயும் போய்ப் பார்க்கவே இல்லை. படித்து வைத்திருந்த பழைய எழுத்திலிருந்து, இருக்கக்கூடிய மாதிரி ஒரு விமானத்தைச் சொல்லிவிட்டது. பார்த்துச் சொல்வதற்கும் இப்படிச் சொல்வதற்கும் திரையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

விமானக் கட்டணம் பஸ் கட்டணம் மாதிரி பலகையில் எழுதி வைத்தது இல்லை. 2003-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது முகவர்களுக்கான கறுப்புத் திரையில், இடம் பார்க்கும் கட்டளையான ஏ.என். என்று தட்டி, தேதியும் ஊரும் அடித்தால் வரிசையாக விலை வகைக்கு ஒரு எழுத்தும், பாக்கி இடத்துக்கு ஒரு எண்ணும் வரும். எம் 4 என்றால் அந்த விலையில் நாலு சீட் பாக்கி. கியூ 0 என்றால் மலிவு விலை முடிந்தது. ஒரே விமானத்தில் அடுத்தடுத்து உட்காருகிற இரண்டு பேர் இரண்டு விலை கொடுத்திருப்பார்கள். இதை நினைவில் வைத்துச் சொல்ல என்னாலும் முடியாது, எந்த இயந்திரத்தாலும் முடியாது. ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பார்க்க வழி இல்லாமல் இல்லை. 2023 மார்ச்சிலேயே சாட்ஜிபிடியோடு எக்ஸ்பீடியா, கயாக் என்ற பயணத் தளங்களை இணைத்தார்கள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது முறை வழியாக உதவியாளர்கள் வெளித் தரவைக் கேட்டு வாங்கலாம். இதை நான் வரவேற்கிறேன். ஆங்கிலத் தளத்தில் தேதி தேர்ந்தெடுக்கத் தெரியாத ஒரு அம்மா, தமிழில் வாயால் கேட்டுப் பதில் வாங்க முடியும் என்றால் அது பெரிய காரியம். என் வியாபாரம் குறைந்தாலும் அதுதான் சரி.

ஆனால் இணைத்தால் மட்டும் போதாது. எதோடு இணைக்கிறார்கள் என்பது முக்கியம். பட்ஜெட் விமான நிறுவனங்கள் பல, முகவர்கள் இடம் பார்த்து டிக்கெட் போடும் அமேடியஸ், சேபர் போன்ற கணினி அமைப்புகளில் எல்லா இருக்கைகளையும் வைப்பதில்லை. சொந்தத் தளத்தில் விற்கின்றன. திருச்சியிலிருந்து வெளிநாடு போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த பட்ஜெட் விமானம்தான். ஒரே இடத்தில் தேடிவிட்டு "நேரடி விமானம் இல்லை" என்று உதவியாளர் சொன்னால் அது பாதிப் பதில். அப்புறம், விமான நிலையக் குறியீடு: திருச்சிக்கு டி.ஆர்.இசட்., திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. ஒரு எழுத்து மாறினால் ஆள் கேரளாவில் போய் நிற்க வேண்டும். பெட்டி எடை இன்னொன்று. மலிவு விலையில் பல நேரம் 7 கிலோ கைப்பை மட்டும்தான். ஊருக்கு வந்து திரும்புகிறவர்களுக்கு எடைதான் பாதி டிக்கெட்.

தவறு நடந்தால் யார் பொறுப்பு? கனடாவில் 2024 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பு வந்தது. பாட்டி இறந்ததற்குப் போன பயணியிடம், துக்கக் கட்டணச் சலுகைக்குப் பயணம் முடிந்த பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் தவறாகச் சொல்லிவிட்டது. தன் தளத்தில் சொல்லப்பட்டதற்கு நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. துவரங்குறிச்சி அம்மா எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போவார்?

அதனால் இதைச் செய்கிறவர்களிடம் நான் கேட்பது இது. தரவோடு இணைப்பு இல்லாத உதவியாளர் விமான எண்ணும் விலையும் சொல்லவே கூடாது. "என்னால் இப்போது பார்க்க முடியாது" என்று சொல்லட்டும். இணைப்பு இருந்தால், எந்தத் தளத்தில், எத்தனை மணிக்குப் பார்த்த விலை, எத்தனை கிலோ சேர்த்து என்று பதிலுக்குள்ளேயே ஒரு வரி வரட்டும். கேள்வி தமிழில் கேட்டால் அந்த வரியும் தமிழில் இருக்கட்டும். அந்த நோட்டுத் தாளில் "பார்க்க முடியவில்லை" என்றோ "காலை 10.42-க்குப் பார்த்தது" என்றோ ஒன்று எழுதியிருந்தால், அவர்கள் சாயங்காலம் வரை காத்திருக்காமல் காலையிலேயே எனக்குப் போன் பண்ணியிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு பயண முகவர்,
திருச்சி.