முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன்.

செயற்குழு ஏழு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய ஆள் சேராமல் (கோரம் இல்லாமல்) டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். புதிதாக 31 பேர் சேர்ந்ததில் உறுப்பினர் எண்ணிக்கை 214 ஆகியிருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலைப் பொருளாளர் வாசிப்பார். நான் வாசித்தால் மனஸ்தாபம் வரும். பள்ளியின் குடிநீர் மோட்டார் காயில் எரிந்துபோய் மாற்றப்பட்டது. பத்தாம் வகுப்பு மாலை வகுப்புக்குச் சுண்டல் செலவை இந்த ஆண்டும் சங்கமே ஏற்றது. மறைந்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கு ஜனவரிக் கூட்டத்தில் அஞ்சலி செலுத்தினோம்.

இனி, இந்த ஆண்டு நாம் செய்த ஒரே புது வேலைக்கு வருகிறேன். கல்லூரியில் சேர வழி தெரியாமல் நிற்கும் பிள்ளைகளுக்கான கல்லூரி உதவி மேசை. திட்டம் போட்டு ஆரம்பித்ததல்ல, தானாக வந்து சேர்ந்தது.

ஆகஸ்ட் 15 அன்று பள்ளியில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். கேட்டுக்கு வெளியே சென்ட்ரிங் வேலை பார்க்கும் ஒருவர் மகளோடு நின்றிருந்தார். உள்ளே கூப்பிட்டதும் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ரசீதை எடுத்தார். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு (கல்லூரியே நேரடியாக நிரப்பும்) சீட்டுக்குப் பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டியிருக்கிறார். "மெரிட் ஸ்காலர்ஷிப் முப்பதாயிரம் தர்றாங்களாம் சார். மீதிக்குத்தான் சங்கத்துல ஏதாவது வழி இருக்குமான்னு கேக்க வந்தோம்" என்றார். பெண் நம் பள்ளியில் 600-க்கு 431 எடுத்தவள். மே, ஜூன் முழுக்க அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்ததில் அரசு நடத்தும் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யவே இல்லை. அசல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் கல்லூரி அலுவலகத்தில்.

அந்த ரசீதின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டோம். கட்டண நிர்ணயக் குழு வைத்த அளவுப்படி தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 87,000 வரை போகும். அதில் முப்பதாயிரம் கழித்தால் 57,000. அந்தக் கல்லூரியின் ஸ்காலர்ஷிப் நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் "முதலாம் ஆண்டுக்கு மட்டும்" என்று இருந்தது. அதை மகள்தான் கண்டுபிடித்தாள். அப்படியானால் நாலு வருஷத்துக்கு 3,18,000. அதே மாதிரி தனியார் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகப் போனால் கட்டணம் 55,000. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அரசு ஆண்டுக்கு 25,000 ஏற்கும். மீதி 30,000. நாலு வருஷத்துக்கு 1,20,000. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது. அதாவது அவர்கள் ஒரு முறை கொடுக்கும் முப்பதாயிரத்துக்காக, வருஷா வருஷம் வரவேண்டிய இருபத்தைந்தாயிரத்தை இவர் விட்டுக்கொடுக்க இருந்தார். நான் கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன். ஆடித் தள்ளுபடிக்கு இன்னொரு பெயர் மெரிட் ஸ்காலர்ஷிப் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"இனிமே எங்க சார் கவுன்சிலிங்? எல்லாம் முடியப் போகுதே" என்றார். முடியவில்லை. பொதுக் கலந்தாய்வு முடிந்ததும் துணைக் கலந்தாய்வு உண்டு. பிளஸ் டூ துணைத் தேர்வில் தேறியவர்களோடு, முதலில் பதிவு செய்யாமல் விட்டவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். நல்ல கல்லூரிகளின் கம்ப்யூட்டர் சயின்ஸ் அதற்குள் தீர்ந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் காலியிடங்கள் நிறைய இருக்கும், கட்டணம் கலந்தாய்வுக் கட்டணம்தான்.

அசல் சான்றிதழ்களை வாங்குவதற்கு இரண்டு முறை போனோம். முதல் முறை மேலாளர் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை பல்கலைக்கழக மானியக் குழுவின் அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனோம். 2024 செப்டம்பர் 30-க்குள் சேர்க்கையை ரத்து செய்தால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும், அக்டோபர் 31 வரை அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்தான் பிடிக்கலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பதும் மானியக் குழுவின் விதிதான். காகிதத்தைப் பார்த்ததும் சான்றிதழ் வந்துவிட்டது. பணம் நாற்பது நாள் கழித்து வந்தது, ஆயிரம் பிடித்துக்கொண்டு. அந்த ஆயிரத்துக்காக மறுபடி போகவில்லை, வேலையை விட்டுவிட்டுப் போகிற அன்றைய கூலியே அதைத் தாண்டும்.

அப்புறம் முதல் பட்டதாரி சான்றிதழ். இ-சேவையில் அறுபது ரூபாய் கட்டிப் பதிந்தாயிற்று. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அண்ணனின் டி.சி.யைக் கேட்டார்கள். அண்ணன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷத்தோடு நின்றவன். டிப்ளமோ பட்டம் ஆகாது, அதையும் அவன் முடிக்கவில்லை, ஆகவே தங்கைக்குத் தடை இல்லை. ஆனால் அதைக் காட்ட டி.சி. வேண்டும். அது கட்டணப் பாக்கிக்காக அந்த பாலிடெக்னிக்கில் கிடந்தது. பாக்கி 4,200 ரூபாய். நம் சங்கக் கணக்கில் "இதர செலவு – ரூ.4,200" என்று பொருளாளர் எழுதியிருப்பது இதுதான். தணிக்கையாளர் கேள்வி கேட்டிருந்தார், பதில் சொல்லியாயிற்று.

இந்தப் பெண்ணுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைக்காதா என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். கிடைக்காது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இவள் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்தவள். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் அதே காரணத்தால் இல்லை. இங்கிலீஷ் மீடியம் என்று எட்டு வருஷம் கடன் வாங்கிக் கட்டியதற்குக் கிடைத்த பலன் என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணைக் கலந்தாய்வில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) கிடைத்தது. போய்க்கொண்டிருக்கிறாள்.

இந்தச் செய்தி பரவி, அக்டோபருக்குள் 23 பிள்ளைகள் வந்தார்கள். எல்லோரும் நம் பள்ளி அல்ல. யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஒன்பது பேர் அரசு கலைக் கல்லூரிகளில், ஐந்து பேர் துணைக் கலந்தாய்வில், நாலு பேர் பாலிடெக்னிக்கில், இரண்டு பேர் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தார்கள். ஒருவன் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பி.எஸ். படிப்புக்கான தகுதித் தேர்வுக்குப் படிக்கிறான். அதற்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வேண்டாம், ஆண்டில் ஒரு முறைக்கு மேல் சேர்க்கை நடக்கும், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. மீதி இரண்டு பேர் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் போன் எடுக்கிறான்.

கலைக் கல்லூரி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மன்னார்குடியிலேயே மன்னை ராஜகோபாலசாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்தில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. தஞ்சாவூரில் சரபோஜி, குந்தவை நாச்சியார். அரசு கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பமே ஐம்பது ரூபாய்தான், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குப் பதிவுக் கட்டணம் இரண்டு ரூபாய் மட்டும். வருஷக் கட்டணம் சில ஆயிரத்தைத் தாண்டாது. ஆனால் மே மாதத்தில் விண்ணப்பிக்காதவர்கள் "அது முடிஞ்சுபோச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பொறியியலில் இடம் கிடைத்து பிள்ளைகள் கிளம்பக் கிளம்பக் கலைக் கல்லூரியில் இடம் காலியாகும். நேரில் போய்க் கேட்டால்தான் தெரியும். போன் பண்ணினால் அந்த மாதத்தில் யாரும் எடுப்பதில்லை. செப்டம்பரில் மாவட்ட நிர்வாகம் நடத்தும் "உயர்வுக்குப் படி" முகாமும் இப்படி விடுபட்ட பிள்ளைகளுக்குத்தான். கல்லூரிக்காரர்கள், வருவாய்த் துறை, வங்கி எல்லாம் ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே இரண்டு வாரம் அலைய வேண்டிய சான்றிதழ் அங்கே மத்தியானத்துக்குள் கைக்கு வந்துவிடுகிறது. நம்மிடம் வந்தவர்களில் மூன்று பேருக்கு அந்த முகாமில்தான் இடம் கிடைத்தது.

பொறியியல்தான் வேண்டும் என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு, திருக்குவளையிலும் பட்டுக்கோட்டை ராஜாமடத்திலும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் இருப்பதே தெரியவில்லை. பஸ்ஸின் பின்னால் விளம்பரம் ஒட்டாத கல்லூரி நம் ஊர்க்காரர்கள் கண்ணுக்குக் கல்லூரியாகவே படுவதில்லை.

உதவித்தொகையில் நடந்த தவறைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது என் தவறு.

உண்மையிலேயே மதிப்பெண்ணுக்காகத் தரப்படும் உதவித்தொகைகளில் ஒன்று மத்திய அரசின் கல்லூரி மாணவர் திட்டம். பிளஸ் டூவில் நம் வாரியத்தில் தேறியவர்களில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வரவேண்டும், குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். இது கல்லூரியில் சேர்ந்த பிறகு விண்ணப்பிப்பது, ஆகவே தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. தகுதி உள்ளவர்கள் நாலு பேர்.

தேசிய உதவித்தொகைத் தளத்தில் இந்த ஆண்டு முதலில் ஒருமுறைப் பதிவு எண் வாங்க வேண்டும், அதற்கு ஆதாரோடு முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும். பள்ளி வராந்தாவில் நாலு பேரையும் கிழக்கே பார்த்து நிற்கவைத்து, கண்ணைச் சிமிட்டு, கண்ணைச் சிமிட்டு என்று காலை முழுக்க அதே வேலை. பழைய போன்களில் செயலியே ஓடவில்லை. கடைசியில் தலைமையாசிரியர் அம்மாவின் போன்தான் நாலு பேருக்கும் கைகொடுத்தது. வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்தால் மூன்று பேருக்கு இல்லை. "ஆதார் குடுத்திருக்கேனே சார்" என்பார்கள். கே.ஒய்.சி.க்கு, அதாவது வங்கியின் அடையாளச் சரிபார்ப்புக்கு, நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழ இணைப்பது வேறு. வங்கியில் நாளை வா என்றார்கள். தபால்காரர் கைரேகைக் கருவியோடு வந்து, போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குத் திறந்து, இணைப்பும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு இந்த மேடையிலிருந்து நன்றி.

இவ்வளவும் செய்துவிட்டு, சமர்ப்பி பொத்தானை அழுத்தியதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். முடியவில்லை. கல்லூரியில் அதற்கென்று உள்ள ஆசிரியரிடம் பிரிண்டையும் சான்றிதழ் நகல்களையும் கொடுத்து, அவர் தளத்தில் சரிபார்த்தால்தான் விண்ணப்பம் மேலே நகரும். இரண்டு பேர் கொடுத்தார்கள். மற்ற இரண்டு பேரிடம் நான் சொல்லவே இல்லை. அவர்களுடைய விண்ணப்பம் கல்லூரி மட்டத்திலேயே நின்றுபோயிற்று. முதல் ஆண்டில் விட்டால் அடுத்த ஆண்டு புதிதாகப் போட முடியாது. மூன்று வருஷத்துக்கு ஆளுக்கு 36,000 ரூபாய். ஒரு பையனின் அம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். "பரவாயில்ல சார், நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க" என்று காபி கொடுத்தார்கள்.

பாலிடெக்னிக்கில் சேர்ந்த ஒரு பெண், ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) மாணவிகளுக்குத் தரும் பிரகதி உதவித்தொகைக்குப் போட்டிருக்கிறாள். டிப்ளமோவுக்கும் உண்டு, ஆண்டுக்கு 50,000. இந்த முறை கல்லூரிச் சரிபார்ப்பை நானே போய் நின்று முடித்தேன். முடிவுக்குக் காத்திருக்கிறோம். புதுமைப் பெண் போலவே பையன்களுக்காக ஆகஸ்ட் 9-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் நம் பையன்கள் ஆறு பேருக்கு மாதம் ஆயிரம் வருகிறது. ஒருவனுக்கு மட்டும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்ற மாணவர் தகவல் தளத்தில் இனிஷியல் ஒன்று, ஆதாரில் வேறு. சரிசெய்ய மூன்று மாதம் ஆயிற்று.

உதவி மேசைக்கு ஆன மொத்தச் செலவு, அந்த 4,200 உட்பட, 11,460 ரூபாய். பஸ், பிரவுசிங் சென்டர், இ-சேவை, ஜெராக்ஸ். இதோடு ஒப்பிட வேண்டிய இன்னொரு தொகை நம் கணக்கிலேயே இருக்கிறது. ஜூன் விழாவில் முதல் பத்து மாணவர்களுக்கு ஐயாயிரம் வீதம் ஐம்பதாயிரம் கொடுத்தோம். பொன்னாடை, ஷீல்டு தனி. அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அன்றைக்கே சீட் உறுதி. ஒருவர் பரிசை வாங்கியதும் அப்பாவிடம் கொடுத்துவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே செயற்குழு சார்பில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். பரிசை ஆளுக்கு இரண்டாயிரமாகக் குறைத்து, மீதி முப்பதாயிரத்தை ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் பிள்ளைகளின் சான்றிதழ், டி.சி. பாக்கி, பயணச் செலவுக்கு ஒதுக்க வேண்டும். மூத்த உறுப்பினர் ஒருவர் செயற்குழுவிலேயே எதிர்த்தார். "நன்றாகப் படித்தவனுக்குக் குறைத்து, தேதியைக் கோட்டைவிட்டவனுக்குக் கொடுப்பது என்ன நியாயம்?" என்றார். 431 வாங்கிய பெண் தேதியை ஏன் விட்டாள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கு எதிர்த்துப் பேசவும் பெயர் கொடுத்திருக்கிறார். பேசட்டும், அப்புறம் ஓட்டுக்கு விடலாம்.

இந்த ஆண்டு உதவி மேசையை ஆகஸ்டில் அல்ல, பிளஸ் டூ ரிசல்ட் வரும் அன்றே திறக்கிறோம். அதற்கு மூன்று தேவைகள். பைக் வைத்திருக்கும் ஒருவர், வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலையத் தயாராக. முன்பக்கக் கேமரா நன்றாக உள்ள ஒரு போன், பழையதானாலும் பரவாயில்லை. அப்புறம், சங்கத்தின் லேப்டாப்பைப் பொங்கலுக்கு முன் கல்யாண ஆல்பம் பார்க்க வாங்கிப்போன உறுப்பினர், யார் என்று அவருக்கே தெரியும், தயவுசெய்து சார்ஜரோடு திருப்பித் தரவும்.

வணக்கம்.

செயலாளர்