ஐந்தாம் எண் கோர் தப்பாகக் கணக்குப் போடுகிறது

அனுப்புநர்:
உங்கள் 8 கோர் பிராசசரை 14 மாதமாகப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பிராசசர் கோளாறு பற்றிய புகாரை விசாரிக்காமலே மூன்று முறை மூடியது தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் புகார் டிக்கெட்டை மூன்றாவது முறையாக மூடியிருக்கிறீர்கள். ‘தீர்க்கப்பட்டது’ என்று எழுதியதோடு, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் தீரவில்லை. சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டு கோர்களில் ஒன்று தப்பாகக் கணக்குப் போடுகிறது என்பதுதான் என் புகார். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். இதை ஒரு ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய பத்திரிகைகளையும் குடும்ப ஆவணங்களையும் ஸ்கேன் செய்து, சுருக்கிச் சேமித்துக் கொடுப்பது என் தொழில். சில மாதங்களுக்கு முன் ஒரு தொகுப்பைத் திறந்தபோது ‘சிஆர்சி பிழை’ என்று வந்தது, அதாவது உள்ளே இருப்பது சேமித்தபோது இருந்ததோடு பொருந்தவில்லை. அதே கோப்புகளை மறுபடி சுருக்கினேன், சரியாக இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து டிஸ்க்கை மாற்றினேன். அடுத்த வாரம் ஒரு பக்கத்தின் படத்தைத் திறந்தால், மேல்பாதி அச்சு அசலாக இருக்கிறது. நடுவில் ஒரு கோடு கிழித்ததுபோல், அதற்குக் கீழே எழுத்துகள் எல்லாம் பக்கவாட்டில் நகர்ந்து, தாள் பச்சையாகக் கிடக்கிறது. கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நின்றுபோகவில்லை. நீலத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. நின்றுபோயிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். ரேம் சோதனையை ராத்திரி முழுக்க ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. ஓவர்கிளாக் (நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டுவது) எதுவும் கிடையாது, ரேமின் வேக புரொஃபைலையும் அணைத்துவிட்டேன். பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் 2 ஜிபி கோப்பு ஒன்றை எடுத்து, அதன் ஷா-256 மதிப்பை (கோப்பின் கைரேகை மாதிரி, கோப்பு மாறாதவரை விடையும் மாறாது) ஒவ்வொரு கோரிலும் தனித்தனியாக 500 முறை கணக்கிடச் சொன்னேன். ஏழு கோர்களில் 500 முறையும் ஒரே விடை. 5ஆம் எண் கோரில் மட்டும் (0 முதல் எண்ணினால் 5, உங்கள் ஆட்களுக்குப் புரியும்) மூன்று முறை வேறு விடை, அந்த மூன்றும் ஒன்றுக்கொன்று வேறு. நண்பரிடம் இரவல் வாங்கிய பிராசசரை என் மதர்போர்டில் போட்டு ஐந்து நாள் ஓட்டினேன், சுத்தம். என் பிராசசரை அவருடைய மதர்போர்டில் போட்டோம். அங்கேயும் அதே 5ஆம் எண் கோர்தான் தப்பு செய்தது. இதற்கு மேல் ஒரு வாடிக்கையாளர் என்ன நிரூபிக்க முடியும்?

பதிவுகள் எல்லாவற்றையும் இணைத்து உங்களுக்கு அனுப்பினேன். முதல் பதிலில் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னீர்கள். ஷா-256 கணக்குக்கும் கிராபிக்ஸுக்கும் என்ன சம்பந்தம்? 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை பிராசசர்களிலும் இதே மாதிரிதான் நடந்தது. கேம் தொடங்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று செய்தி வரும். பலர் கிராபிக்ஸ் கார்டைத்தான் குற்றம் சொன்னார்கள். கோளாறு பிராசசரில் இருந்தது. அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டு வாங்கி, சிப்பே தேய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோகோட் (சிப்புக்குள் இயங்கும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தம் வந்தது. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிப்பை அது சரிசெய்யாது என்று நிறுவனமே சொல்லி, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. இப்படி ஒரு சம்பவம் நடந்த துறையில் இருந்துகொண்டு, ‘டிரைவரைப் புதுப்பியுங்கள்’ என்ற பதிலை இன்னும் முதல் படியாக வைத்திருக்கிறீர்கள்.

இரண்டாவது பதில், ‘ஒரு கோர் மட்டும் தவறாக இயங்க வாய்ப்பில்லை’. வாய்ப்பு இருக்கிறது. மெட்டா (அப்போது ஃபேஸ்புக்) நிறுவனப் பொறியாளர்கள் 2021இல் வெளியிட்ட கட்டுரையை உங்கள் ஆட்கள் படிக்க வேண்டும். சுருக்கிய கோப்புகளை விரிக்கும்போது சில கோப்புகள் காணாமல் போயின. தேடிக்கொண்டே போனால், ஒரு பிராசசரின் 59ஆம் எண் கோர் 1.1இன் 53ஆம் அடுக்கைப் பூஜ்யம் என்று கணக்கிட்டிருக்கிறது. முழு எண்ணாக 156 வந்திருக்க வேண்டும். விரிக்கும் கோப்பின் அளவைக் கண்டுபிடிக்க இந்த மாதிரி அடுக்குக் கணக்குதான் பயன்பட்டது. கோப்பின் அளவு பூஜ்யம் என்றால் அந்தக் கோப்பே இல்லை என்றுதானே அர்த்தம்? அதே ஆண்டு கூகுள் பொறியாளர்களும், சில ஆயிரம் இயந்திரங்களுக்குச் சில கோர்கள் இப்படிச் சத்தமில்லாமல் தப்பாகக் கணக்குப் போடுவதாக எழுதினார்கள். அவர்களிடம் லட்சக்கணக்கில் இயந்திரங்கள் இருக்கின்றன, கேட்டால் பதில் வரும். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று.

மூன்றாவது பதில்தான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது. உங்கள் சோதனைக் கருவியில் ‘பாஸ்’ என்று வந்ததால் கோளாறு இல்லையாம். அந்தக் கருவி ஐந்து நிமிடத்தில் எட்டு கோரையும் பார்த்து முடித்துவிடுகிறது. ஒரு கோருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. என் கணக்குப்படி 5ஆம் எண் கோர் சுமார் 17 நிமிடத்துக்கு ஒரு முறைதான் தப்பு செய்கிறது. ஒரு நிமிடம் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒன்றுமில்லை என்பதுபோல் இருக்கிறது. கூடவே ஒரு வரி: ‘சாதாரணப் பயன்பாட்டில் இதனால் பாதிப்பு வராது.’

அந்த வரியை எங்கேயோ கேட்ட ஞாபகம் வந்தது. 1994இல் அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் பகா எண்களை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, இன்டெலின் பென்டியம் சிப் வகுத்தலில் தப்பு செய்வதைக் கண்டார். அவரும் மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, அக்டோபர் 24 அன்று இன்டெலிடம் சொன்னார். திருப்தியான பதில் வராததால், 30ஆம் தேதி தெரிந்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். அந்தச் சிப் 1.33373 என்றது. நாலாவது தசம இடத்திலேயே தப்பு. காரணம், சிப்புக்குள் இருந்த அட்டவணை ஒன்றில் 5 இடங்கள் விடுபட்டிருந்தன. நிறுவனத்துக்கு அது முன்பே தெரியும். ஆனாலும் சராசரிப் பயனருக்கு 27,000 வருடத்துக்கு ஒரு முறைதான் பாதிப்பு வரும் என்றார்கள். பாதிப்பை நிரூபிப்பவர்களுக்கு மட்டும் மாற்றித் தருவதாகவும் சொன்னார்கள். டிசம்பரில் ஐபிஎம் அந்தச் சிப் போட்ட கம்ப்யூட்டர்களை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20 அன்று, கேட்ட எல்லோருக்கும் கேள்வி கேட்காமல் மாற்றித் தருகிறோம் என்று இறங்கி வந்தார்கள். செலவு 47.5 கோடி டாலர். அக்டோபரிலேயே பேராசிரியருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இத்தனை ஆகியிருக்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எல்லோருமே இப்படித்தான் என்றும் சொல்ல மாட்டேன். 2017இல் ஏஎம்டியின் முதல் ரைசன் சிப்கள் லினக்ஸில் கம்பைல் வேலைகளை (எழுதிய புரோகிராமை இயங்கும் வடிவத்துக்கு மாற்றுவது) மொத்தமாக ஓட்டும்போது தடுமாறின. பயனர்கள் சொன்னதை நிறுவனம் ஒப்புக்கொண்டது, தொடர்புகொண்டவர்களுக்கு வேறு சிப்பும் கொடுத்தது. சிப்பில் பிழை வருவதில் எனக்குக் கோபம் இல்லை. எந்த நிறுவனத்தின் பிழைப்பட்டியலை எடுத்தாலும் பக்கம் பக்கமாக இருக்கிறது, பலவற்றின் எதிரே ‘திருத்தம் இல்லை’ என்றே போட்டிருக்கிறது. சொல்ல வந்தவனைச் சந்தேகப்படுவதில்தான் கோபம்.

என் நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த 14 மாதத்தில் சுமார் 11,000 கோப்புகள் இந்தப் பிராசசர் வழியாகப் போயிருக்கின்றன. இதுவரை 3,000 கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டேன். நான்கு கெட்டிருக்கின்றன. இரண்டை மறுபடி ஸ்கேன் செய்துவிட்டேன். மற்ற இரண்டின் மூலத்தாள்களை உரியவர்களிடம் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு வீட்டில், கணினியில்தான் இருக்கிறதே என்று அந்தத் தாளைத் தூக்கிப்போட்டுவிட்டார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்வது? மீதி 8,000 கோப்புகளை ராத்திரிகளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இரவல் பிராசசரில்.

இப்போது நீங்கள் சொல்லும் வழி, சிப்பை முதலில் அனுப்ப வேண்டும், உங்கள் சோதனையில் கோளாறு தெரியாவிட்டால் என் செலவில் அதே சிப் திரும்பி வரும் என்பது. எந்தச் சோதனை? அந்த ஐந்து நிமிடச் சோதனையா? அதற்கு நான் சம்மதிக்கவில்லை. மாற்றுச் சிப்பை முதலில் அனுப்புங்கள், கோளாறான என் சிப்பை அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். என்னிடமிருந்து வந்த சிப்பை உடைத்துப் போடாமல் பொறியாளர்களிடம் கொடுத்து, என் ஸ்கிரிப்டை 5ஆம் எண் கோரில் ஒரு நாள் முழுக்க ஓட்டச் சொல்லுங்கள். என்ன கோளாறு என்று எழுத்தில் வேண்டும். ஆரம்பத்திலிருந்தே இருந்ததா, போகப்போக வந்ததா என்பதை அவர்களால் சொல்ல முடிந்தால், நான் எந்த மாதத்துக் கோப்பிலிருந்து பார்க்க வேண்டும் என்பதாவது தெரியும். இதே பேட்சில் (ஒரே தடவையில் தயாரான சிப்களில்) வேறு யாராவது புகார் சொல்லியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சிப்பைக் கழற்றி, அது வந்த பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். மேலே ‘கோர் 5’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். டிக்கெட்டை நான் திரும்பத் திறந்துவிட்டேன். 72 மணி நேரத்தில் தானாக மூடிக்கொள்ளாதபடி இந்த முறை யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: சோதனை ஸ்கிரிப்ட், எட்டு கோர்களின் பதிவுகள், இரண்டு மதர்போர்டுகளிலும் எடுத்த முடிவுகள், பாதி பச்சையாகப் போன பக்கத்தின் படம்.